குசினி பளபளக்கிறது, பிறகு ஏன் 1?

கேள்வி:

ஐயா, நானும் என்னுடைய அவரும் லண்டன் ஹரோவில் சின்ன டேக் அவே ஒன்று நடத்துகிறோம். கொத்து ரொட்டி, இடியப்பம், சோறு கறி, ரோல்ஸ். திறந்து 14 மாதம். இரவு 11 மணிக்குக் கடையைப் பூட்டியபின் நிலம், சுவர், அடுப்பு எல்லாம் தேய்த்துக் கழுவாமல் நான் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடை நிறைய ஆட்கள் நிற்கிற நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் கவுன்சில் அதிகாரி ஒரு பெண் வந்தார். முதல் தடவை. அன்றைக்கு நான் கடையில் இல்லை, இவர்தான் நின்றார். பிறகு உணவுச் சுகாதார மதிப்பீடு 1 என்று போட்ட ஸ்டிக்கரும் ஒரு கடிதமும் வந்தன. கடிதம் வந்து இன்றைக்கு 12 நாள். இவர் ஸ்டிக்கரை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். "வெள்ளைக்காரருக்கு எங்கள் சாப்பாட்டின் மணமே பிடிக்காது, வேறென்ன" என்கிறார். கடைப் பெயரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். இது இணையத்தில் வந்தால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்களே என்று எனக்கு நித்திரை இல்லை. இவ்வளவு துப்புரவாக வைத்திருந்தும் எப்படி 1 வந்தது? கடிதத்தின் பிரதியும் கடையின் சில படங்களும் இணைத்திருக்கிறேன். மாமி வீட்டில் வறுத்துத் தரும் கறித்தூளைக்கூட அந்த அதிகாரி அம்மா விடவில்லை. அதையும் நிறுத்த வேண்டுமா?

ஒரு வாசகி, ஹரோ

பதில்:

தங்கச்சி,

முதலில் ஒரு சின்ன வேலை. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில், வாசல் கண்ணாடியின் கீழ் மூலையில், பச்சையும் கறுப்புமாக ஒரு 5 தெரிகிறது. உங்களுக்கு முன் அந்த இடத்தில் கடை வைத்திருந்தவருடையதாக இருக்க வேண்டும். இதை வாசித்த கையோடு போய் அதை உரித்து எடுங்கள். ஹெயார் டிரையர் பிடித்தால் பசை இளகிவிடும். 1 ஸ்டிக்கரை லாச்சிக்குள் வைத்திருப்பது இங்கிலாந்தில் குற்றமில்லை. ஆனால் உங்களுக்கு உரிமையில்லாத 5 கதவில் இருப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும், வியாபார ஏமாற்றுகளைப் பார்க்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் வரைக்கும் போகக்கூடிய விஷயம். வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். தினமும் திறந்து மூடுகிற கதவு, கண்ணில் பட்டிருக்காது.

அடுத்தது நாள் கணக்கு. மேல்முறையீடு செய்ய, கடிதம் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் அதற்குள் அடங்கும். அதனால் இந்தப் பதில் வெளிவருவதற்கு முன்பே உங்களுக்குத் தனியாக நாலு வரி அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது உங்களுக்கும், உங்களைப் போல லாச்சியைப் பூட்டி வைத்திருக்கும் மற்றக் கடைக்காரருக்கும்.

இனி உங்கள் கேள்வி. நல்லகாலம், புள்ளி விவரத் தாளையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பிவிட்டு நியாயம் கேட்பார்கள். விஷயம் முழுக்க அந்தத் தாளில்தான் இருக்கிறது.

அதில் மூன்று தலைப்பு. ஒன்று, உணவைக் கையாளும் விதம்: சமைப்பது, ஆற வைப்பது, சூடாக்குவது, பச்சையும் சமைத்ததும் கலக்காமல் பார்ப்பது. இரண்டு, இடத்தின் நிலை: சுவர், நிலம், கை கழுவும் தொட்டி, காற்றோட்டம், எலி கரப்பான், துப்புரவு. மூன்றாவதை ஆங்கிலத்தில் 'கான்ஃபிடன்ஸ் இன் மேனேஜ்மென்ட்' என்பார்கள். கடை நடத்துகிறவர் மேல் அதிகாரிக்கு எவ்வளவு நம்பிக்கை என்பது. இங்கே புள்ளி என்பது டிரைவிங் லைசென்ஸில் ஏறும் பாயின்ட் மாதிரி. பூச்சியம் என்றால் திறம், ஏற ஏற ஆபத்து. மூன்றையும் கூட்டி வருகிற தொகையைத்தான் தலைகீழாக்கி 0 முதல் 5 வரையான ஸ்டிக்கராகத் தருகிறார்கள்.

உங்களுடைய தாளில் கையாளுதலுக்கு 10, இடத்துக்கு 5, நிர்வாகத்துக்கு 20. கூட்டினால் 35. அட்டவணைப்படி 35-உம் 40-உம் 2-க்குப் போக வேண்டியவை. "அப்படியானால் எனக்கு 2 அல்லவா வர வேண்டும்" என்று உங்கள் அவர் துள்ளக்கூடும். அங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. தொகை மட்டும் போதாது, தனித்தனிப் புள்ளிக்கும் ஒரு வரம்பு உண்டு. 2 கிடைக்க எந்தத் தலைப்பிலும் 15-க்கு மேல் இருக்கக் கூடாது. 3-க்கும் 4-க்கும் 10-க்கு மேல் கூடாது. 5-க்கு எதிலும் 5-ஐத் தாண்டக் கூடாது. நிர்வாகம் என்ற தலைப்பில் 10-க்கு அடுத்த படி நேரே 20, நடுவில் 15 கிடையாது. ஆகவே நிர்வாகத்தில் 20 விழுந்த கடைக்கு அதிகபட்சமே 1. மற்ற இரண்டிலும் நீங்கள் பூச்சியம் எடுத்திருந்தாலும் அதே 1 தான்.

இப்போது அந்த இரண்டாவது எண்ணைப் பாருங்கள். இடத்துக்கு 5 என்றால் அவர்கள் பாஷையில் 'நல்லது'. இரவு 11 மணிக்கு நீங்கள் தேய்த்த தேய்ப்பை அந்த அம்மா கண்டிருக்கிறார், கண்டபடி எழுதியும் இருக்கிறார். உங்களை விழுத்தியது அழுக்கு இல்லை. அன்றைக்கு நீங்கள் கடையில் இல்லாததுதான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அவர் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்கிறேன். கோழி வெந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டேன், "யெஸ்" என்றார். கிருமிநாசினியை எவ்வளவு நேரம் விட்டுத் துடைப்பீர்கள் என்று கேட்டேன், "யெஸ், எவ்ரிடே" என்றார். வெப்பமானியைக் கேட்டேன், லாச்சியில் இருந்து எடுத்துக் கொடுத்தார், உறை பிரிக்கப்படவில்லை. பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன், மனைவியிடம் இருக்கிறது என்றார். குளிர்பானம் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார்.

இதை வாசித்துச் சிரித்தேன், கவலையும் பட்டேன். 20 வருடத்துக்கு மேல் நானே கவுன்சில் பக்கத்தில் இருந்து இந்த வேலையைப் பார்த்தவன். எங்கள் ஆட்களின் கடைக்குப் போனால் நடப்பது எனக்குப் பாடம். ஊரில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் எழும்பி நிற்போம், எல்லாவற்றுக்கும் "ஓம் சேர்" என்போம், சோடா உடைத்துக் கொடுப்போம், அவர் போனபிறகு பெருமூச்சு விடுவோம். மரியாதைதான், அதில் பிழையில்லை. ஆனால் இங்கே வருகிற அதிகாரி கேட்பது பதில். நீங்கள் உங்கள் வாயால் "கோழித் துடையில் கரண்டி விட்டுப் பார்ப்பேன், சிவப்பு நீர் வரக்கூடாது, பிறகு வெப்பமானி குத்துவேன், 75 பாகை காட்ட வேண்டும்" என்று சொன்னால், அதிகாரிக்கு மூன்றாவது தலைப்பில் எழுத ஏதாவது இருக்கும். தலையாட்டலை எந்தப் பெட்டிக்குள் எழுதுவது?

உங்கள் அவருக்குத் தொழில் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தெரிந்ததை ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. இது உண்மையான சங்கடம், அடுத்த தடவைக்கு வழியும் உண்டு. "எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் கஷ்டம், மனைவியைத் தொலைபேசியில் எடுக்கிறேன்" என்று தயங்காமல் சொல்லலாம். "வாருங்கள், காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்து காட்டலாம். கோழிக் கறியில் வெப்பமானியைக் குத்திக் காட்ட ஆங்கிலம் வேண்டாம்.

சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும், உணவுச் சுகாதாரப் பயிற்சிக்கான லெவல் 2 சான்றிதழை அதிகாரி பார்க்கவே இல்லை என்று உங்கள் அவருக்குக் கோபமாம். அந்தச் சான்றிதழ் சட்டப்படி கட்டாயமில்லை. வேலைக்கு ஏற்ற அறிவு வேண்டும் என்பதுதான் சட்டம். அந்த அறிவு கையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இந்த மூன்றாவது தலைப்புக்கு ஏன் இவ்வளவு கனம் என்று நினைக்கலாம். 2005-இல் தென் வேல்ஸில் ஈ.கோலை ஓ157 கிருமி பரவி 150-க்கு மேற்பட்டோருக்கு வருத்தம் வந்தது. அநேகர் பள்ளிப் பிள்ளைகள். 5 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். பள்ளிச் சாப்பாட்டுக்குச் சமைத்த இறைச்சி கொடுத்த ஓர் இறைச்சிக்கடையில், பச்சை இறைச்சியையும் சமைத்ததையும் ஒரே வெற்றிடப் பொதி இயந்திரத்தில் போட்டிருந்தார்கள். பேராசிரியர் ஹியூ பெனிங்டன் விசாரித்து 2009-இல் அறிக்கை கொடுத்தார். அந்தக் கடைக்கும் அதிகாரிகள் போய்த்தான் இருந்தார்கள். அன்றைக்கு நிலம் எப்படி இருந்தது என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது, அதிகாரி போனபிறகு இந்தக் கடைக்காரர் என்ன செய்வார் என்பதைக் கணிக்க வேண்டும் என்று அந்தச் சம்பவம் எங்கள் தொழிலுக்கே சூடு போட்டுச் சொல்லிக் கொடுத்தது. இப்போதைய 0–5 முறை 2010 கடைசியில் வந்தது. வேல்ஸ் 2013 நவம்பரில் ஸ்டிக்கரை வாசலில் ஒட்டுவதைச் சட்டமாக்கியது. வட அயர்லாந்து 2016 அக்டோபரில். இங்கிலாந்தில் இன்றைக்கும் அது கடைக்காரரின் விருப்பம். ஸ்கொட்லாந்தில் இந்த எண்களே இல்லை, பாஸ் அல்லது திருத்தம் தேவை, அவ்வளவுதான்.

சரி, கையாளுதலுக்கு வந்த 10-ஐப் பார்ப்போம். இரண்டு மூன்று விஷயம் எழுதியிருக்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது சோறு.

காலை 10 மணிக்கு வடித்த சோறு பெரிய சருவச்சட்டியில் மூடியபடி அடுப்படி மேசையில் இருந்தது, 1 மணிக்கு நடுவில் 41 பாகை என்று குறித்திருக்கிறார். நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்தது அப்படித்தான். சோற்றை மூடித்தான் வைப்போம், மிஞ்சியதைத் தண்ணீர் ஊற்றிப் பழஞ்சோறாக்குவோம், ஒன்றும் நடக்கவில்லையே என்று கேட்பீர்கள். வீட்டில் ஆறு பேருக்கு வடிப்பதும் கடையில் அறுபது பேருக்கு வடிப்பதும் ஒன்றல்ல. பெரிய சட்டியின் நடுச் சோறு மணிக்கணக்காக ஆறாது. பசிலஸ் சீரியஸ் என்று ஒரு பக்டீரியா உண்டு. அதன் வித்திகள் அரிசியிலேயே இருக்கும், கொதித்தாலும் சாகாது. இளஞ்சூட்டில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு விடும். பிறகு கொத்துத் தகட்டில் போட்டு எவ்வளவு வறுத்தாலும், வாந்தி வரப்பண்ணுகிற அந்த நஞ்சு அழியாது. "நன்றாகச் சூடாக்கித்தானே கொடுக்கிறோம்" என்ற பேச்சு சோற்றுக்கு எடுபடாதது இதனால்தான்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. பரிமாறுகிற சோற்றை 63 பாகைக்குக் குறையாமல் சூட்டிலேயே வையுங்கள். ஃப்ரைட் ரைஸுக்கு எடுத்து வைக்கிற சோற்றை வடித்தவுடன் அகலத் தட்டங்களில் இரண்டு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள். அவசரமென்றால் குடிக்கிற குழாய்த் தண்ணீரில் அலசி வடித்துவிடலாம். ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறி பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மறுநாள் ஒரே ஒரு தடவை சூடாக்கலாம். மிஞ்சினால் குப்பை. காசு போகிறதே என்று மனம் அடித்துக்கொண்டால், இரண்டு தடவை சின்னச் சட்டியில் வடியுங்கள்.

ரோல்ஸ் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியில் 46 பாகை என்று இருக்கிறது. அந்தப் பெட்டிகள் சூட்டைக் காப்பாற்றத்தான், சூடாக்க இல்லை. காலையிலேயே சுவிட்சைப் போட்டு, பெட்டி சூடேறியபிறகு, எண்ணெயில் இருந்து எடுத்த ரோல்ஸை நேரே அதற்குள் அடுக்குங்கள். அப்படியும் 63-க்குக் கீழே இறங்குகிறதென்றால் சட்டம் ஒரு சலுகை தருகிறது. ஒரு தடவை, 2 மணி நேரம் வரைக்கும் வெளியே வைக்கலாம். ஆனால் எத்தனை மணிக்கு வைத்தது என்று தட்டில் ஒரு துண்டு ஒட்டியிருக்க வேண்டும். "இப்போதுதான் வைத்தேன்" என்பது நேரமில்லை. 2 மணி நேரம் முடிந்தபிறகு இருப்பதைத் திரும்பப் பொரித்து அடுக்குவது கூடாது.

பிரிட்ஜ் படத்தில் மேல்தட்டில் ஊற வைத்த பச்சைக் கோழி, அதற்கு நேர் கீழே திறந்த கோப்பையில் தேங்காய்ச் சம்பல். இதை நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கோழி எப்போதும் அடித்தட்டில்.

கிருமிநாசினி பற்றி ஒரு சொல். மேசை பளபளப்பதும் மேசையில் கிருமி இல்லாதிருப்பதும் வேறு வேறு. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிறகு கிருமிநாசினியைத் தெளித்து, போத்தலில் போட்டிருக்கும் நேரம் வரைக்கும் ஈரமாக விடுங்கள். சிலதுக்கு 30 செக்கன், சிலதுக்கு 5 நிமிடம். போத்தலில் பி.எஸ். ஈ.என். 1276 அல்லது 13697 என்ற தர இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தெளித்த கையோடு துடைத்தால் நீங்கள் துடைப்பது காசைத்தான். எங்கள் பெண்களுக்கு ப்ளீச் மணம் வந்தால்தான் மனம் ஆறும் என்று எனக்குத் தெரியும். மணம் மனதுக்கு, நேரம் கிருமிக்கு.

இனி அந்த 20. இதைக் குறைக்கப் பெரிய செலவில்லை. உணவுப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச அமைப்பான ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சியின் 'சேஃபர் ஃபுட் பெட்டர் பிஸ்னஸ்' என்ற கோப்பு அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்களும் இறக்கி வைத்திருக்கிறீர்கள், ஆனால் வீட்டில். அது இருக்க வேண்டிய இடம் குசினி. நீங்கள் நினைப்பதுபோல மணிக்கொரு தடவை எண்கள் எழுதி நிரப்புகிற புத்தகமும் இல்லை. முன்பகுதியில் உங்கள் கடையில் எதை எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை எழுதுகிறீர்கள். பின்னால் டயரி. திறக்கும்போதும் பூட்டும்போதும் பார்க்க வேண்டியதைப் பார்த்து ஒரு கையெழுத்து. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் மட்டும் ஒரு வரி. "பிரிட்ஜ் 11 பாகை, மீனை எறிந்தேன், மெக்கானிக் வந்தார்." இலக்கணம் பார்க்க யாரும் வருவதில்லை. நாலு கிழமைக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்து, ஒரே பிரச்சினை திரும்பத் திரும்ப வந்திருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க ஒரு பக்கமும் உண்டு.

வெப்பமானி சரியா என்று பார்ப்பதும் சுலபம். ஐஸ்கட்டி போட்ட தண்ணீரில் வைத்தால் –1-க்கும் 1-க்கும் இடையில் காட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் 99-க்கும் 101-க்கும் இடையில். உறையை முதலில் பிரியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். போன 14 மாதத்துக்கும் சேர்த்து ஓரிரவில் டயரியை நிரப்ப வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு கடைக்கு வியாழக்கிழமை போயிருந்தேன். டயரி அழகாக இருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே "ஓகே". வெள்ளி, சனி, ஞாயிறுக்கும் கையெழுத்து விழுந்திருந்தது. முதலாளி முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வெறும் டயரி என்றால் சோம்பல் என்று நினைப்போம். பொய் டயரி என்றால் அவர் சொல்கிற வேறு எதையும் நம்ப முடியாது. இன்றைய தேதியிலிருந்து தொடங்குங்கள். "இதற்கு முன் எழுதவில்லை, இன்ன தேதியிலிருந்து எழுதுகிறோம்" என்று சொல்கிற கடைக்காரரை எந்த அதிகாரியும் மட்டமாக நினைக்க மாட்டார்.

மேல்முறையீடு செய்யலாமா? உரிமை உண்டு, கட்டணமில்லை, வந்தவரை விட்டு வேறொரு அதிகாரி பார்ப்பார். ஆனால் அது "அன்றைக்கு நீங்கள் போட்ட புள்ளி பிழை" என்று சொல்வதற்கு. "இப்போது திருத்திவிட்டேன்" என்பது அங்கே செல்லாது. சோறு 41 பாகையில் இருந்தது உண்மை, டயரி வீட்டில் இருந்தது உண்மை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

அதற்குப் பதிலாக இரண்டு. ஒன்று, 'ரைட் டு ரிப்ளை'. கவுன்சிலுக்கு நீங்கள் எழுதுகிற சிறு விளக்கம் இணையத்தளத்தில் உங்கள் மதிப்பீட்டோடு சேர்ந்து நிற்கும். மூன்று வரி போதும்: எதைத் திருத்தினீர்கள், எப்போது, யார் பயிற்சி எடுத்தார்கள். அதிகாரியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இரண்டு, மறுபரிசோதனை கேட்டு விண்ணப்பம். இதற்குப் பல கவுன்சில்கள் கட்டணம் எடுக்கும், தொகை இடத்துக்கு இடம் வேறு. கட்டணம் எடுக்கிற கவுன்சில் 3 மாதத்துக்குள் வந்தாக வேண்டும். திருத்தியதற்குச் சாட்சியாகப் படம், பற்றுச்சீட்டு இணையுங்கள். ஆனால் அவசரப்பட வேண்டாம். வரும்போது மூன்று தலைப்பையும் புதிதாகத்தான் பார்ப்பார்கள். ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். டயரியில் ஆறேழு கிழமை உண்மையான எழுத்து விழுந்தபிறகு கேளுங்கள். இந்தத் தடவையும் சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள், சனிக்கிழமை மத்தியானமாகவே இருக்கலாம். ஆகவே நீங்கள் இல்லாத நேரத்தில் நிற்கிறவருக்குத்தான் பயிற்சி வேண்டும்.

இணையத்தில் வரத்தான் போகிறது. மேல்முறையீட்டு நாட்கள் முடிந்ததும் ஏற்றிவிடுவார்கள். ஸ்டிக்கரை லாச்சிக்குள் பூட்டினாலும் கடைப் பெயரைத் தட்டுகிற எவருக்கும் அது தெரியும். சாப்பாட்டு ஆப் மூலமும் விற்கிறீர்கள் என்றால் அந்த ஆப்காரரின் ஒப்பந்தத்தை எடுத்து, குறைந்தபட்ச மதிப்பீடு என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இருந்தால் அவர்கள் கேட்பதற்கு முன்பே திருத்த விவரத்தை அனுப்பிவிடுவது நல்லது. ஊர்க் குழுவில் யாராவது போட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். "ஓம், 1 வந்தது, இதையெல்லாம் திருத்தியிருக்கிறோம், மறுபரிசோதனை கேட்டிருக்கிறோம்" என்று ஒரு தடவை எழுதிவிட்டு விடுங்கள். கடையில் யாராவது கேட்டாலும் அதே பதில்.

பெயர் மாற்றச் சொன்ன சொந்தக்காரருக்கு என் வணக்கம். அதே கதவு, அதே அடுப்பு, அதே நீங்கள். ஒரு புதுக் கடை திறப்பதற்கு 28 நாளுக்கு முன் கவுன்சிலில் பதிய வேண்டும். பதிவைப் பார்க்கிறவர் உங்களுக்கு 1 போட்ட அதே அம்மாவாக இருக்கவும் கூடும். அவர் இரண்டாம் தடவை அந்தக் கதவால் உள்ளே வரும்போது மூன்றாவது தலைப்புக்கு என்ன எழுதுவார் என்று நினைத்துப் பாருங்கள்.

"எங்கள் சாப்பாட்டின் மணம் பிடிக்காது" என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்த நாட்டில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று சொல்ல நான் நேற்று வந்தவனில்லை. ஆனால் இந்தத் தாளில் அது இல்லை. மணத்துக்கோ ருசிக்கோ பரிமாறும் விதத்துக்கோ இங்கே புள்ளியே கிடையாது. நீங்கள் தேய்த்த சுவருக்கு நல்ல புள்ளி போட்டவர், கொத்து ரொட்டியைப் பற்றி ஒரு வரி தவறாக எழுதாதவர். வெள்ளைக்காரர் நடத்துகிற பப் ஒன்றுக்கு நானே 0 போட்டிருக்கிறேன். அவரும் "உனக்கு எங்கள் சாப்பாடு பிடிக்காது" என்றுதான் சொன்னார்.

கடைசியாக மாமியின் தூள். கடிதத்தில் அதற்கு ஒரு பந்தியே இருக்கிறது. பெயரில்லாத பெரிய போத்தல், எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "மதர்". சாமான் எங்கே வாங்கியது என்று காட்டுவது சட்டம், அதற்குத்தான் பற்றுச்சீட்டு வைக்கச் சொல்கிறார்கள். வீட்டுக் குசினியில் கடைக்காகச் சமைத்தால், வறுத்தால், அரைத்தால், அந்த வீட்டையும் உணவுத் தொழில் இடமாகப் பதிய வேண்டிவரும். மாமி 73 வயதில் கவுன்சில்காரருக்குக் கதவு திறந்துவிட வேண்டுமா?

தூளை நிறுத்தாதீர்கள். அதுதான் உங்கள் கடை. கடை பூட்டுகிற திங்கட்கிழமை காலையில் மாமியைக் கூட்டிவந்து கடை அடுப்பிலேயே வறுக்கச் சொல்லுங்கள், காற்றாடியை முழு வேகத்தில் போட்டுவிட்டு. மல்லி, மிளகாய் வாங்கிய பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள். போத்தலில் தேதி எழுதுங்கள். வறுக்கும்போது ஒரு கை கடுகு போடுகிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கையளவு வித்தை எல்லாம் வாயால் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். போடுகிறார் என்றால் உங்கள் மெனுவில் அந்தத் தூள் சேர்கிற ஒவ்வொரு கறிக்கும் எதிரே அதைக் குறித்துவிடுங்கள். இந்த நாட்டில் வாடிக்கையாளருக்குச் சொல்லியே ஆக வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் ஒன்று.